எமில் சொன்ன மூன்று செகண்ட்

கல்வர் என்ற அமெரிக்கச் சிற்றூரில் சனிக்கிழமை மத்தியானம் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் என்றால் ஊரே பந்தைப் பார்க்கும். எமில் ஹ்ருஷ்கா மட்டும் பந்தைப் பார்க்க மாட்டார். பள்ளிக்கூட டீமின் லைனுக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் கோச். லைன் என்றால் முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து தடியன்கள். அவர்கள் பந்தை எறிவதில்லை, பிடிப்பதில்லை. பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, ஆள் தேடி எறிந்து முடிக்கும்வரை, பாய்ந்து வரும் எதிராளிகளை நெஞ்சைக் கொடுத்து நிறுத்தி வைப்பதுதான் அவர்கள் வேலை. ஜெயித்தால் குவார்ட்டர்பேக்கைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் லைன் சரியில்லை என்பார்கள். கல்யாணத்தில் பந்தல் போட்டவனை யார் விசாரிக்கிறார்கள்?

ஆற்றோரத்து இரும்பாலையை மூடி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆலை போனதும் வேலை தேடி டெக்சாஸ் பக்கம் போன அப்பாக்கள், தோளும் துடையுமாக வளர்ந்த மகன்களையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். எமிலுக்கும் அந்த ஆலையில்தான் வேலை. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஆலை மூடின குளிர்காலத்திலேயே அவர் மனைவி ஐரீனும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். குளிரா, சாப்பிட்டாயா, சரி வைக்கிறேன், அவ்வளவுதான் பேச்சு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது எமில் ரேடியோவை அணைக்காமல் போவார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குரலாவது கேட்கட்டும் என்றுதான். அது செய்தியோ சோப்பு விளம்பரமோ, அவருக்குக் கவலையில்லை.

அந்த வருஷம் முதல் நாலு ஆட்டமும் தோல்வி. குவார்ட்டர்பேக் டேல் யூரிக், கடைசி வருஷத்துப் பையன். அவன் எறிந்தால் பந்து போய்ச் சேருவதற்குள் தபாலே வந்துவிடும் என்று முடிதிருத்தும் கடையில் சிரித்தார்கள். ஆனால் டேலுக்குத் தன் லைன் எப்படிப்பட்டது என்று தெரியும். பந்து கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவான். இடி விழுந்தால் உருண்டு எழுந்துகொள்வான்.

அப்போதுதான் தெரன் மேபரி வந்தான். கோடையில் எரி என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து குடிவந்த குடும்பம். ஒன்பதாம் வகுப்பு, பதினைந்து வயது. ஒல்லியான உடம்பு, ஆனால் அந்தக் கை கடவுள் கொடுத்த கை. ஐம்பது கஜம் தள்ளி ஓடுகிறவனின் மடியில் பந்தை உட்கார வைப்பான். பயிற்சி பார்க்க வேலியோரம் சாய்ந்து நிற்கும் அப்பாமார் பல வருஷத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார்கள்.

"இந்தப் பையனை உக்கார வச்சுட்டு அந்த டேலை ஆட விடுறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?" என்று ஒருவர் எமிலைப் பார்த்துக் கத்தினார்.

எமில் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் சிவப்புச் சட்டை. சிவப்பைத் தொடக் கூடாது. லைனை உடைத்துக்கொண்டு ஓடி வருகிறவன் இரண்டடி முன்னாலேயே கையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். அதனால் தெரன் சாவகாசமாக நிற்பான், இடமும் வலமும் பார்ப்பான், எறிவான். வேலியோரம் கைதட்டல் எழும். அவன் எறிவதற்கு முன்பே இரண்டு பேர் அவனைக் கடந்து போயிருந்ததை எமில் ஒருவர்தான் கவனித்தார். பந்து நகர்ந்ததும் பொத்தானை அழுத்துவார், சிவப்புக்குப் பக்கத்தில் எதிராளி வந்ததும் மறுபடி அழுத்துவார். வலது பக்கம் இரண்டே முக்கால் செகண்ட். இடது பக்கம் இரண்டு, சில சமயம் அதுகூட இல்லை. தெரனுக்குத் தேவை மூன்று.

இடது ஓரத்தில் நின்றவன் பெர்னி ஹோலப். வலது கையால் எறிகிறவனுக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம், அங்கே வருவது அவன் கண்ணில் படாது. லைனிலேயே தேர்ந்த ஆள்தான் அங்கே நிற்க வேண்டும். பெர்னியோ போன வருஷம்வரை பள்ளிக்கூட பேண்டில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதிக்கொண்டிருந்தவன். உடம்பு பீரோ மாதிரி இருக்கும், கால்தான் நகராது. ஆள் இல்லாத கொடுமைக்கு எமிலே போய், கெஞ்சாத குறையாகப் பேசி அவனை அழைத்து வந்தார். வந்த நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. எல்லோரும் போன பிறகும் தனியாக நின்று பக்கவாட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துப் பழகுவான். எமில் கூட நிற்பார். வீட்டுக்குப் போய் அவர் என்ன கிழிக்கப் போகிறார்?

"இப்ப எப்படி கோச்?"

"நல்லா இருக்குடா. நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலை."

தேவலைதான். ஆனால் ஸ்டாப்வாட்ச் வேறு கணக்குச் சொன்னது. அதை அவர் பையனிடம் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோச்சுகள் மூன்று பேரும் பாய்லர் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, முந்தின நாள் ஆட்டத்தின் பிலிமைச் சுவரில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். தலைமைக் கோச் ரஸ் டிமார்கோவுக்கு முப்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் இதே டீமின் குவார்ட்டர்பேக். எமிலின் லைனுக்குப் பின்னால் நின்று பேர் வாங்கியவன். அந்தப் பாசம் அவனுக்கு விட்டுப்போகவில்லை. இன்னொருவன் கேரி லட்ஸ், சின்ன வயசு, வாய் பெரிசு.

அன்றைக்கு ரஸ் உள்ளே வந்ததுமே, "கோச், இது முடிஞ்சதும் நேரா நம்ம வீடு. ஆஞ்சி காலையிலேர்ந்து குழம்பு கிளறிட்டிருக்கா. பசங்க உங்க பக்கத்துல யார் உக்கார்றதுன்னு சண்டை போட்டுட்டானுங்க. வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வீட்டு மேஜையில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று. "வர்றேன்டா" என்றார்.

பிலிம் ஓடி முடிந்தது. விளக்கைப் போட்டார்கள்.

"இனிமே டேலை வச்சுட்டு மாரடிக்க முடியாது" என்றான் கேரி. "அஞ்சாவது தோல்வியும் வந்துச்சுன்னா ஜனங்க நம்மளையே கம்பத்துல ஏத்திடுவாங்க. தெரனை இறக்குங்க."

"எனக்கும் அதான் ஆசை" என்றான் ரஸ். "ஆனா சின்னப் பையன். அடிபட்டுட்டான்னா நம்மதான் அவங்க அம்மா முகத்துல முழிக்கணும்." எமில் பக்கம் திரும்பினான். "உங்க வார்த்தைதான் கோச். சனிக்கிழமை வர்ற டீம் லேசுப்பட்டது இல்ல. உங்க பசங்க மூணு செகண்ட் தாங்குவாங்களா?"

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். சுவர் எப்படிப்பட்டது என்று அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். தாங்க மாட்டார்கள், இந்த வருஷம் டேலே ஆடட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம். இதைச் சொல்ல வேண்டியதுதான். சொன்னால் ரஸ் முகம் வாடும். இருபத்தாறு வருஷமாய் லைனைக் கட்டினவரா இவர் என்று கேரி இளிப்பான். விவாதம் நீளும், சாப்பாட்டு மேஜையில் பேச்சு செத்துப்போகும். ஒருவேளை, இன்னொரு நாள் பார்க்கலாம் கோச் என்று ரஸ் சொல்லிவிட்டால்? இது அற்பமான பயம் என்று எமிலுக்கே தெரியும். அற்பமாக இருந்தால் என்ன, பயம் பயம்தானே.

"தாங்குவாங்க" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று ரஸ் அவர் தோளைத் தட்டினான்.

ரஸ்ஸின் மனைவி ஆஞ்சியின் சமையல் பிரமாதமாக இருந்தது. ரஸ்ஸின் சின்ன மகன் எமிலின் மடியிலேயே உட்கார்ந்து தின்றான். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. குழம்பின் மேல் பழியைப் போட்டார்.

அந்த வாரம் பெர்னியைப் பிழிந்து எடுத்தார். வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து மண்ணில் உட்கார்ந்திருந்தபோது பெர்னி கேட்டான்: "கோச், நெசமாச் சொல்லுங்க. என்னால முடியுமா?"

"முடியும்டா. முடியலைன்னா உன்னைப் போய் அங்க நிறுத்துவேனா?"

பையன் முகம் மலர்ந்தது. எமில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வெயில் அருமையாக இருந்தது. தெரன் மற்றவர்களைப் போல வெள்ளைச் சட்டையில் இறங்கினான். மூன்றாவது தடவையே நாற்பது கஜம் எறிந்தான். ஓடிப்போய்ப் பிடித்தவன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். ஊர் எழுந்து நின்று கத்தியது. முடிதிருத்துகிறவர் பாதிரியாரையே கட்டிப்பிடித்துக்கொண்டார். தன் கணக்குத்தான் தப்போ என்று எமிலுக்கே ஒரு சபலம் தட்டியது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு முட்டாளும் இல்லை. அவர்கள் பெர்னியின் காலைப் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் கால்பகுதியில் தங்களிடம் இருந்ததிலேயே வேகமானவனை அவனுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பந்து நகர்ந்தது. அவன் உள்ளே வருகிற மாதிரி தோளைக் காட்டி வெளியே பாய்ந்தான். பெர்னி திரும்புவதற்குள் போய்விட்டான். தெரன் பயிற்சியில் நின்ற மாதிரியே நின்றான். சாவகாசமாக, கையை ஓங்கிக்கொண்டு, யாரோ இரண்டடி முன்னால் ஒதுங்கிப் போய்விடுவான் என்பதுபோல. அன்றைக்கு ஒதுங்க வேண்டும் என்று யாருக்கும் சட்டம் இல்லை. முதுகில் இடி விழுந்த சத்தம் மேல்வரிசைவரை கேட்டது.

தோள்பட்டைக்கு மேல் எலும்பு முறிந்திருந்தது. பையனைத் தூக்கிப்போகும்போது அவன் அழவில்லை. அவன் அம்மா மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு, "வந்தவனை யாரும் பிடிக்கலையே, யாருமே பிடிக்கலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜனங்களுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும். ஆள் பார்வைக்குத் தப்பாத பருமனில் நின்றிருந்தான்.

"டேய் ஹோலப், போய் டூபாவே ஊதுடா!" என்று மேலே இருந்து ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். மிச்ச ஆட்டம் முழுவதும் பெர்னி அங்கேயே நின்றான், தெரனுக்குப் பதிலாக இறங்கிய டேலுக்காக இடிபட்டுக்கொண்டு. ஆட்டம் தோற்றது.

திங்கட்கிழமை பெர்னி பயிற்சிக்கு வரவில்லை. எமிலின் பஸ்ஸிலும் ஏறவில்லை.

"விடுங்க கோச்" என்றான் ரஸ். "எட்டு வாரத்துல தெரனுக்கு எலும்பு கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க சொல்லிக்கொடுத்தீங்க, அவன் செய்யல."

அடுத்த ஞாயிறும் சாப்பிட வரச்சொல்லி ஆஞ்சி சொல்லிவிட்டாள் என்று ரஸ் சொன்னான். எமில் தலையாட்டினார். ஆட்டிய தலையை வெட்டிப் போடலாம் போல அவருக்கே இருந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே ஹோலப் வீட்டுக்கு ஏறினார். ஆற்றுக்கு மேலே, செங்குத்தான தெருவில், மரப்படி வைத்த வீடு. பெர்னியின் அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் சமையலறையைக் காட்டினாள். பையன் மேஜை முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். எமில் உட்காரவில்லை.

"பெர்னி, அது உன் தப்பு இல்லடா."

"நான்தானே கோச் விட்டுட்டேன்."

"இல்ல. கேளு. நான் தினம் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாத்துட்டிருந்தேன். உன் பக்கம் ரெண்டு செகண்டுக்கு மேல நிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அந்த மாதிரி ஓட்டக்காரனை உன்னால பிடிக்க முடியாது. இந்த வருஷம் முடியாது. தெரிஞ்சுதான் ரஸ்கிட்ட தாங்குவாங்கன்னு சொன்னேன். தப்பு என்னோடது. உன்னோடது இல்ல."

சொல்லி முடித்ததும் மூச்சு லேசாக வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார். பையன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தார்.

பெர்னி கத்தியைக் கீழே வைத்தான்.

"ரஸ் கோச்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சொல்லிடறேன். நாளைக்கே சொல்லிடறேன்."

"முடியும்னு சொன்னீங்களே கோச். வியாழக்கிழமை."

"சொன்னேன்."

"தினம் சொன்னீங்க. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு." அவன் குரல் உயரவில்லை. "ஊரே திட்டுச்சு. திட்டட்டும்னு இருந்தேன். கோச் நம்மளை நம்பித்தானே நிறுத்தினார், நாமதான் அவரைக் கவுத்துட்டோம்னு அதுக்குத்தான் வெக்கப்பட்டுட்டு வீட்டுல கெடந்தேன். நீங்களும் நம்பலையா?"

உன்னோடு நின்ற அந்தச் சாயங்காலங்கள் எனக்கு வேண்டியிருந்தன, நீ போய்விடக் கூடாது என்றுதான் நல்லா இருக்கு என்று சொன்னேன் என்பதை ஒரு பதினாறு வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது. எமில் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். அடுத்த அறையில் அம்மா இருமினாள்.

கடைசியில் பெர்னிதான் எழுந்தான். நன்றாக வளர்த்த பிள்ளை. அவருக்கு முன்னால் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"பாத்து இறங்குங்க கோச்" என்றான். "மூணாவது படி ஆடும்."