தோளில் மாட்டிய துவக்கு

மான் வேட்டைக்கு வருகிறாயா என்று முதலாளி கேட்டபோது மறுக்கத் தெரியாமல்தான் தலையாட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டன் ஸ்ட்ரெதமில் அந்த வெள்ளைக்காரருடைய பெற்றோல் நிலையத்தில் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என்னோடு ஷிப்ட் செய்கிற அண்ணையும் வந்தார். அவருக்கு விசா கிடைத்துவிட்டது. எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி வழக்கு நேர்காணல்.

லண்டனுக்குத் தெற்கே, முதலாளியின் நண்பருக்குச் சொந்தமான காடு. விடிந்ததிலிருந்தே மழை. துவக்கு முதலாளியின் தகப்பன் வைத்திருந்தது, முதலாம் உலகப் போர்க் காலத்தது. அதன் மரப்பிடியை மழைக்கோட்டுக்குள் வைத்துப் பிள்ளையைப் போலப் பொத்திக்கொண்டு வந்தார். இரண்டு மணித்தியாலம் ஈரச் சருகில் குந்தியிருந்தோம்.

"இறைச்சிக் கடையிலை வாங்கியிருந்தால் இவ்வளவு நனையத் தேவையில்லை," என்று அண்ணை என் காதுக்குள் முணுமுணுத்தார்.

கடைசியில் ஒரு பெண் மான் மரங்களுக்கிடையே வந்து நின்றது. ஒரே வெடி. இரண்டு எட்டு வைத்து விழுந்தது. அதுவரைக்கும் எனக்கு யாரோடும் கோபமில்லை.

முதலாளி மிச்சத் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, துவக்கைத் தூக்கி என் தோளில் மாட்டினார். "உனக்குப் பழக்கமாய் இருக்குமே. அங்கிருந்துதானே வந்தாய்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், அவருடைய கமராவை வைத்திருந்த அண்ணை படத்தை எடுத்துவிட்டார்.

எனக்குப் பழக்கமா? யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிக்குச் சாவடி இராணுவம் சட்டையைக் கழற்றச் சொல்லி, துவக்கு வார் உராய்ந்த தழும்பு உண்டா என்று தேடிய தோள் இது. புத்தகப் பையைத் தவிர எதையும் சுமக்காத தோள். ஆயுதம் ஏந்தியதில்லை என்று குரோய்டனுக்கு எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் பெருவிரலைப் பதித்தவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதல் பேரெழுதி ஒப்பமிட்டவன் நான். அது பொய்யென்று காட்ட இப்போது ஒரு படம்!

"பெரிதாக்கிக் கடையில் மாட்டப்போகிறேன்," என்றார் முதலாளி.

"வேண்டாம். என் வழக்குக்கு ஆபத்து. பிலிமைத் தாருங்கள்," என்றேன்.

"யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று சிரித்தார். திரும்பவும் கேட்டேன். அவர் மானிடம் குனிந்துவிட்டார்.

"விடடா தம்பி, வடிவாய்த்தான் நிக்கிறாய். பொம்பிளை வீட்டுக்கு அனுப்பலாம்," என்றார் அண்ணை.

"உங்களுக்கு விசா இருக்கு, பகிடி விடுவியள். என்னைத் திருப்பி அனுப்பினால் ஆர் அண்ணை பொறுப்பு?"

துவக்கை மரத்தில் சாத்தினேன். கமராவை அண்ணையின் கையிலிருந்து பறித்து, பின்மூடியைத் திறந்து, பிலிமை முழுநீளத்துக்கும் மழையில் இழுத்துப் போட்டேன்.

"ஐயோ, பேத்தியின்ரை பிறந்தநாள் படமும் அதுக்குள்ளை கிடக்கெண்டு முதலாளி காலமைதானே சொன்னவர்!" என்று அண்ணை கத்தினார்.

முதலாளி நிமிர்ந்தார். கைகளில் இரத்தம். "கேட்டிருந்தால் நானே தந்திருப்பேனே," என்றார்.

கேட்டிருந்தால்! இரண்டு தரம் கேட்டேன், அவருக்கு விளங்குகிற ஆங்கிலத்தில். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது.

"மன்னிப்புக் கேளடா, வேலை போகப்போகுது," என்று அண்ணை அவசரப்படுத்தினார்.

குழந்தையின் படங்களுக்காக மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே வருந்தித்தான் கேட்டேன்.

"மற்றதுக்கும் கேள், உன்ரை படத்தை அழிச்சதுக்கு," என்றார் அண்ணை.

"ஏலாது," என்றேன்.