கண்ணாடிப் பலகையில் ஒட்டிய பெயர்

2004 ஜூன் 12, சனிக்கிழமை. போடியில் எங்கள் வீட்டில் வழக்கம்போல் நாலே முக்காலுக்கு எழுந்தேன். வேதம் வாசித்து, ஜெபித்து, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஐந்தே காலுக்குக் காப்பி குடித்தேன். ஏழு மணிக்கு ஆலயத்துக்குப் போய், வாசலில் இருக்கும் கண்ணாடி அறிவிப்புப் பலகையைத் திறந்து, மறுநாளைக்கான தாளை ஒட்டிப் பூட்டினேன். ஏழே முக்காலுக்குப் பெரியகுளம் போவதற்காகப் பேருந்து நிலையத்தில் நின்றேன். இதெல்லாம் அன்றைய டைரியில் ஐந்து வரி. அதற்குப் பிறகு நடந்ததை எழுத அந்த ஒரு பக்கம் போதவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தேன். எங்கள் சபையின் கமிட்டிச் செயலாளர் பொறுப்பில் ஆறாவது வருடம். போதகர் ஐயாவுக்கு எங்களையும் சேர்த்து ஐந்து ஊர்ச் சபைகள் இருந்ததால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் எங்களிடம் வருவார். மற்றதையெல்லாம் "பார்த்துச் செய்யுங்க" என்று என்னிடம் விட்டிருந்தார். நானும் பார்த்துத்தான் செய்தேன், ஆனால் தாளைப் பார்த்து.

என் முயற்சியில் கமிட்டி இரண்டு விதிகள் போட்டிருந்தது. ஆலயக் கதவில் உள்ள கடிதப் பெட்டிக்கு வரும் உறைகளை இரண்டாம் ஞாயிறு கமிட்டி கூடும்போதுதான் எல்லார் முன்னிலையிலும் உடைத்து வாசிக்க வேண்டும். இது முதல் விதி. செயலாளர் எதையும் மறைத்தார் என்ற பேச்சு வரக் கூடாதே! பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் தொடர்ந்து நான்கு தடவை வராவிட்டால் பொறுப்பிலிருந்து நீக்கி, அதைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் நானே எழுதினேன். அந்த நாளில் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று நான் ஒட்டிய தாளில், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவராக ஒரு பெயர் இருந்தது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்பின் டிரைவர் அவர். வியாழக்கிழமை வீட்டு ஜெபக்குழுவுக்குப் பதினோரு வருடமாகத் தலைவர். மே 20, 27, ஜூன் 3, 10 என்று நான்கு வியாழன் வரவில்லை. ஜீப்பிலும் அவரைக் காணோம். கேரளாப் பக்கம் வேறு சபைக்குப் போய்விட்டார் என்று பஜாரில் ஒருவர் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெரியகுளத்தில் அன்று சபைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு நாள் வேதப் பயிற்சி. வெளியூரிலிருந்து வந்து நடத்தியவர் ஒரு பெண், முப்பது வயதுதான் இருக்கும். மேய்ப்பனுக்கு ஆடுகளைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும், முதல்வனாக இருக்க விரும்புகிறவன் ஊழியம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். நான் எண் போட்டு எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டேன். எல்லாம் தெரிந்ததுதானே என்று இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு மேல் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். இந்த வாரம் நீங்கள் யாரைப் பற்றியாவது எடுத்த ஒரு முடிவை எழுதுங்கள். அதற்குக் கீழே, அவரை நேரில் பார்த்தீர்களா, தனியாகப் பேசினீர்களா என்று எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

என் பக்கத்தில் இருந்தவர் வடுகபட்டியில் பூண்டு வியாபாரி, நல்ல வாய்க்காரர். நான் வாசித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணே, நேர்ல பாத்தீகளான்னு கேட்டிருக்கே, அங்கன ஒண்ணுமே எழுதலையே?"

"பார்க்கல. விதி இருக்கு."

"நான் ஒரு பூண்டு மூட்டையக்கூடப் பிரிச்சுப் பாக்காமக் கழிக்க மாட்டேண்ணே. நீக ஒரு ஆளையே கழிச்சுப்புட்டீகளே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் செய்தேன். அந்தப் பெண் முன்னே நின்று பேசிக்கொண்டிருந்தார். தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போக வேண்டும், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். இது ஆண்டவர் வைத்த வரிசை, இதை மாற்ற எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை என்றார். நான் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு வந்திருந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பீடத்துக்குப் பூ வைப்பது அந்த டிரைவரின் மனைவி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் ஆலய வாசலுக்கு வருவார். பலகையில் தன் கணவர் பெயரை முதலில் படிக்கப்போவது அவர்தான். பதினோரு வருடம் சபைக்கு உழைத்த மனிதர், தன்னை நீக்கிய செய்தியை மனைவி அழுதுகொண்டு வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்தக் குடும்பம் எங்கள் ஆலயப் படியை மிதிக்குமா?

நாலு பத்துக்கு, முடிவு ஜெபம் வரை காத்திராமல் எழுந்து ஓடினேன். தேனி வரை பேருந்து நன்றாகத்தான் வந்தது. தேனியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ரயில் ஆடி அசைந்து வந்து போகும் வரை பதினெட்டு நிமிடம். "இறங்கி ஓடியா போகப்போறீக? உக்காருங்க சார்" என்றார் கண்டக்டர். ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். போடியில் இறங்கும்போது ஐந்து ஐம்பத்தாறு.

ஆலய வாசலில் யாரும் இல்லை. பலகையைத் திறந்து, நகத்தால் சுரண்டித் தாளை உரித்தேன். பாதி கையோடு வந்தது, பாதி பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. பெயர் இருந்த பகுதியைச் சுரண்டி எடுத்த நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"என்னண்ணே, ஒட்டுனத நீகளே கிழிக்கிறீக?"

பூக்கூடையோடு டிரைவரின் மனைவி.

"தப்பா எழுதிட்டேம்மா" என்றேன். மூச்சு வாங்கியது. "அவரு வீட்ல இருக்காரா? ஒரு மாசமா ஆளே காணோமே?"

அவர் கூடையை இறக்கி வைத்தார். "இங்கனதான் இருக்காக. லெட்டர் எழுதிப் பெட்டியில போட்டாகளே, நீக பாக்கலையா? தினமும் உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காக."

ஆலயத்தை ஒட்டிய சிறிய அறையில் என் கோப்பு இருந்தது. மறுநாள் கமிட்டியில் உடைப்பதற்காக மூன்று உறைகள் வைத்திருந்தேன். ஓர் உறையின் மேல் பெயர் இல்லை. "17.5.2004 பெற்றது" என்று என் கையெழுத்து மட்டும். விதியை மீறி அதை உடைத்தேன்.

அண்ணன் இறந்த துக்கத்தில் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தார். பெண்களை ஏற்றும் வண்டி என்பதால் ஜீப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டாராம். இந்த நிலையில் ஜெபக்குழுவுக்கு முன்னால் நிற்பது சரியல்ல, கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கிறேன், யாரிடமும் சொல்லாமல் நீங்கள் மட்டும் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள் என்று முடித்திருந்தார்.

பலகையில் இருந்தது போகட்டும். மறுநாள் பதினோரு பேர் நடுவில் இந்தக் கடிதத்தையும் என் வாயாலேயே சத்தமாக வாசித்திருப்பேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, நன்றி, நன்றி என்று மட்டும் சொன்னேன். வேறு ஜெபம் வரவில்லை.

ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"வாங்கண்ணே. இருபத்தாறு நாளாச்சு. கமிட்டி தீர்மானம் போட்டுத்தான் அனுப்பி வைக்கணுமோன்னு நெனச்சேன்."

கடிதத்தை அன்றுதான் உடைத்தேன் என்றேன். காலையில் ஒட்டியதையும் மாலையில் கிழித்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"அவ படிச்சிட்டாளா?"

"இல்ல."

"வேற யாரும்?"

"தெரியல. பகல் பூரா பலகையிலதான் இருந்துச்சு. யாராவது கேட்டா, நான் செஞ்ச தப்புன்னு நானே சொல்லிக்கிறேன்."

பெருமூச்சு விட்டார். பிறகு மெல்லச் சிரித்தார். "ஒட்டுனதும் நீக, கிழிச்சதும் நீக. அம்புட்டுத்தான், விடுங்க. நான் குடியத் தொட்டு ஒம்பது நாளாச்சுண்ணே. ஆனா கோயிலுக்குள்ள தனியா நுழையக் கூச்சமா இருக்கு. நாளைக்குக் கூட வாரீகளா?"

வருகிறேன் என்றேன். வீடு திரும்பும்போது மனதிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் போட்டாலும் பரவாயில்லை என்றார். நான்தான் வேண்டாம் என்று விட்டேன்.

சபையில் யாரைப் பற்றியும் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் இன்றும் நான் முதலில் அந்த ஆள் இருக்கும் தெருவுக்கு நடந்து போகிறேன். அந்த நடை தொடங்கியது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, வேறு எந்த வேலையையும் தொடுவதற்கு முன் ஆலயத்துக்குக் கூட்டிப்போக நான் போய் அந்த டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான்.