உறையாத இரத்தம்

புதூர்நாட்டுப் பக்கத்து மலைக் குக்கிராமம் ஒன்றில் சாமை விதைத்துப் பிழைத்தவள் அம்மாக்கண்ணு. 1976இல் புளி உலுக்கப் போன அவள் கணவன் கோபால்சாமியைச் சுருட்டை விரியன் கடித்தது. அடிவார மருந்தகத்தில் கம்பவுண்டர் சபாபதி காலைத் திருப்பிப் பார்த்தார்.

"வீக்கமே இல்ல. முள்ளு கீறியிருக்கும். வூட்டுக்குப் போ."

மூன்றாம் நாள் ஈறிலும் மூக்கிலும் வழிந்த இரத்தம் நிற்காமலே கோபால்சாமி செத்தான். அந்தக் கம்பவுண்டரை ஒழிக்காமல் விடமாட்டேன் என்று பிணத்தின் காலைத் தொட்டுச் சொன்னாள் அம்மாக்கண்ணு.

சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். அங்கே இரத்தம் பரிசோதிக்கும் பிலோமினாளிடம் முதல் வாரமே கேட்டாள்: "பாம்பு கடிச்சா ரத்தம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

பிலோமினாள் அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள். இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்று ஒரு புரதம். அதன் நடுவில் மும்மூன்று இழைகள் கயிறு திரித்தாற்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். காயம் பட்டால் அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து வலையாகும், இரத்தம் உறையும்.

"சுருட்டை விஷம் ஏறிட்டா அதெல்லாம் வீணா செலவாயிடும். மிச்சம் இருக்கிறதும் அந்த முறுக்குலயே அறுந்துடும். சுத்தமான கண்ணாடிக் குழாயில ரத்தத்த இருபது நிமிஷம் ஆட்டாம வெச்சா தெரிஞ்சிடும்."

"இருபது நிமிஷந்தானா?" என்றாள் அம்மாக்கண்ணு. ஊசியேற்றி இரத்தம் எடுக்கவும் பிறகு பழகிக்கொண்டாள்.

1982இல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு முத்தம்மாவைச் சுருட்டை கடித்தது. மருந்தகத்தில் அதே சபாபதி.

"இன்னா வீங்கிச்சி இப்ப? இதுக்கெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு ஜீப்பு தர முடியாது."

அம்மாக்கண்ணு தன் பையில் கொண்டுவந்திருந்த ஊசியால் முத்தம்மாவின் கையிலிருந்து இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டாள். தன் கையிலும் குத்தி எடுத்து இன்னொன்றில் விட்டாள். இரண்டையும் அவர் மேசைமேல் வைத்தாள். காத்திருந்த கூட்டம் சுற்றி நின்றது. இருபது நிமிடம் கழித்துத் தன் குழாயைக் கவிழ்த்தாள்; கட்டி நகரவில்லை. முத்தம்மாவுடையதை அவருடைய ரிஜிஸ்டர்மேல் கவிழ்த்தாள். தண்ணீராய் ஓடியது.

"ஆறு வருஷம் முன்ன கோபால்சாமின்னு ஒருத்தர வூட்டுக்கு அனுப்புனீங்களே, அவருக்கும் இப்படித்தான் ஓடிச்சி."

சபாபதி ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். ஜீப் உடனே கிளம்பியது. விஷமுறிவு மருந்தில் முத்தம்மா பிழைத்தாள்.

அம்மாக்கண்ணு அதோடு விடவில்லை. அங்கே நின்ற பதினோரு பேரின் கைரேகையோடு கலெக்டருக்கு மனு அனுப்பினாள். விசாரணை தொடங்கியதும், அதற்காக ஊருக்கு வந்திருந்த அவளைத் தேடிச் சபாபதி மலையேறி வந்தார்.

"தங்கச்சி, மூணு பொண்ணுங்க வெச்சிருக்கேன். மனுவ வாபஸ் வாங்கிக்க."

"தங்கச்சின்னு கூப்புடாதீங்க. தண்ணி குடிச்சிட்டு எறங்குங்க, வெயில் ஏறுது."

மறுவருஷம் அவரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவின் நகல் ஆஸ்பத்திரிக்கு வந்தது. பிலோமினாள் வாசித்துக் காட்டினாள்.

"மனசு ஆறிச்சாக்கா?"

"இல்ல," என்றாள் அம்மாக்கண்ணு. "இன்னொரு தபா படிங்க."