கெடு தாண்டிய மேல்முறையீடு

ஊர் ஊராகச் சுற்றும் நான் அடிக்கடி சிம் மாற்றுவேன். அதனால் பெயின்ட் வேலைக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்தபோது, கீழ்க்கட்டளையில் இருக்கும் என் ஆடிட்டரின் செல்போன் எண்ணையே கொடுத்தேன். கணக்கு தாக்கல் ஆகவில்லை என்று என் பதிவை ரத்து செய்த தகவல் அவருக்குத்தான் போனது. அப்போது அவர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பெயின்ட் அடித்துவந்த நாவலூர் கம்பெனி என் பில்லைத் திருப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பதிவு இல்லாமல் அங்கே வேலை கிடையாது.

மேல்முறையீட்டு அதிகாரியிடம் ஓடினேன்.

"ரத்தான மூணு மாசத்துல வரணும். காரணம் இருந்தா இன்னொரு மாசம் தரலாம். அதுவும் தாண்டிடுச்சே."

"ஆடிட்டரோட ஆஸ்பத்திரி சீட்டு எங்கைல கீது சார்."

"நம்புறேன்பா. அதுக்கு மேல நீட்ட எனக்கே சட்டத்துல எடமில்ல."

நான் சொல்வது பொய் என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வெளியே வந்து என் ஆட்களுக்குப் போன் செய்து, நாளை வர வேண்டாம் என்றேன்.

"இன்னாண்ணா, அடிக்க செவுரு தீந்துடுச்சா?" என்று ஒருவன் சிரித்தான். ஆமாம் என்றேன்.