காலி சாக்கெட்டில் இருபத்தொரு வோல்ட்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஜார்ஜ்டவுனிலிருந்து பெரிப் படகேறி, அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்த தொழிற்சாலைக்குப் போய், ‘டெக்னீஷியன்’ என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிரும்.

சிறு கண்ணாடிச் சன்னல் வைத்த, அழித்து மறுபடி எழுதக்கூடிய ஈப்ராம் என்ற நினைவகச் சில்லுகளில் புரோகிராமைப் பதிக்கும் இயந்திரம் என் பொறுப்பு. பதிப்பதற்கு இருபத்தொரு வோல்ட் வேண்டும். தினமும் காலையில் மீட்டரால் அளந்து பதிவேட்டில் எழுதுவேன். பழைய சில்லுகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து அழித்துத் தருபவர் ஓர் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவர். கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பார்த்தே வேலை செய்வார்.

ஒரு வாரம், நான் பதித்து அனுப்பிய சில்லுகள் சோதனையில் தேறாமல் தட்டுத் தட்டாகத் திரும்பின. சூப்பர்வைசர் ஓர் ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அக்கா சரியாக அழிக்கவில்லை என்றது கடிதம். தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவர் அக்கா. இது மூன்றாவது. வேலை போய்விடும்.

“நீதான் படிச்ச பிள்ளை. அக்காவுக்கு வெளக்கிச் சொல்லி ரேகை வாங்கிட்டு வந்துடு லா.”

எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான் படித்துச் சொல்ல, அம்மா ரேகை வைப்பார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

முதலில், தேறாத ஒரு சில்லைப் படித்துப் பார்த்தேன். அழித்தால் சில்லில் எல்லா இடமும் ஒன்றாகிவிடும்; பதிக்கும்போது வேண்டிய இடங்கள் பூஜ்ஜியமாகும். சரியாக அழியாத சில்லில் பழைய பூஜ்ஜியங்கள் மிஞ்சியிருக்கும். இதிலோ, பூஜ்ஜியமாக வேண்டிய இடங்கள் ஒன்றாகவே நின்றன. அழித்ததில் குறையில்லை. பதிப்பதற்கு வோல்டேஜ் போதவில்லை. ஆனால் பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் இருபத்தொன்று.

அந்தப் பக்கமாக வந்த அக்கா சிரித்தார். “என்னம்மா, காலையிலேருந்து அந்தப் பெட்டியவே மொறைச்சிக்கிட்டு இருக்க? பொண்ணு கேட்டு வந்துச்சா?”

என்னால் சிரிக்க முடியவில்லை.

எப்போதோ யாரோ அளக்கும்போது மீட்டர் முனை வழுக்கி ஒரு சில்லு எரிந்துபோனதாம். அன்றுமுதல் எல்லாரும் சாக்கெட்டைக் காலியாக வைத்தே அளப்பார்கள். நானும் அப்படித்தான். இப்போது ஒரு சில்லைச் செருகி, பதிக்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். முள் பதினெட்டுக்கு இறங்கியது. சில்லை எடுத்தேன், இருபத்தொன்று. மறுபடி செருகினேன், பதினெட்டு.

இயந்திரத்தைத் திறந்தால், மின்சாரம் தரும் பகுதியில் வோல்டேஜ் இறங்காமல் தாங்கும் கெப்பாசிட்டர் ஒன்று தலை உப்பிக் கிடந்தது. புதியதைப் பொருத்தியபின், சில்லு இருக்கும்போதும் முள் இருபத்தொன்றை விட்டு அசையவில்லை. திரும்பிவந்த ஒரு தட்டை மறுபடி பதித்தேன். எல்லாம் தேறின.

ரேகையில்லாத கடிதத்தைச் சூப்பர்வைசரின் மேசையில் வைத்து விவரம் சொன்னேன்.

“அப்போ தெனமும் அளந்தது யாரு?”

“நான்தான் சார்.”

“லெட்டர்ல பேர மாத்தணும்.”

மறுநாள் என் பெயரில் கடிதம் வந்தது. நான் கையெழுத்துப் போடும்போது அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா போட்டிருக்கு?”

ஒரு வரி விடாமல் தமிழில் படித்துச் சொன்னேன். முதலில் அது அவர் பெயரில் இருந்ததையும் சொன்னேன். அவர் அழித்து முடித்த தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“சில்ல வச்சே அளந்தியா இன்னைக்கி?”

“அளந்துட்டேன்க்கா.”