முப்பத்தெட்டு ஸ்லைடையும் தனியாகப் பேசியவன்

எங்கள் வகுப்பில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நன்றி' என்றுதான் கூப்பிடுவோம். குழுவாக வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டிய ஒவ்வொரு முறையும் கடைசி ஸ்லைடு அவனுக்குத்தான் வரும். அதில் 'நன்றி, கேள்விகள் உண்டா?' என்று இருக்கும். அவன் முன்னால் வந்து அதை அப்படியே படிப்பான். கேள்வி எதுவும் இருக்காது. எல்லோரும் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். இரண்டரை வருடம் இப்படியே ஓடியது.

ஆளைக் குறைத்து எடை போட வேண்டாம். சாயங்காலங்களில் அக்கா வீட்டுக்காரரின் ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டுவான். கார்க் கண்ணாடியில் அவன் ஒட்டினால் ஒரு குமிழி வராது. எந்த அளவு எழுத்தை எத்தனை அடி தள்ளி நின்று படிக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான். 'இந்த எழுத்துருவின் கருத்தியல் என்ன?' என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பான். எங்கள் வடிவமைப்புப் படிப்பில் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பெண். ஆனால் அவனுடைய கைவேலையைப் பார்த்த அட்டைப்பெட்டி அச்சகம் ஒன்று, படிப்பு முடியும் முன்பே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டது. தேர்ச்சிச் சான்றிதழோடு முதல் தேதி வந்து சேர வேண்டும். வகுப்பிலேயே முதலில் வேலை கிடைத்தவன் அவன்தான். எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது.

அவனுக்கு மிச்சமிருந்தது வடிவமைப்புக் கோட்பாடு என்ற ஒரு பாடம். அதை நடத்தியவரை மேடம் என்றே சொல்கிறேன். நல்ல மனுஷி, எங்களை நம்பினார், அதுதான் வினை. வாரம் ஒரு குழு பேசும். பேசியவர்களும் கேட்டவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு வலைப்பதிவு எழுத வேண்டும். "என்ன நடந்துச்சுன்னு எழுதாதீங்க. உங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க" என்பார் மேடம். எங்களுக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டே வாரத்தில் அதற்கும் வழி கண்டுபிடித்தோம். முதல் பத்தியில் ஒரு பயம், நடுவில் ஓர் உடைவு, கடைசியில் ஒரு புதிய நான். வாரா வாரம் உடைந்தோம், வாரா வாரம் புதிதாகப் பிறந்தோம். ஒரே பருவத்தில் பதினான்கு பிறவி எடுத்தவள் நான்.

ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவி. கை வேகமாக ஓடும். போகப் போக, நாங்கள் பேசுவதற்கு இரண்டு நாள் முன்பே பதிவை எழுதி, வியாழக்கிழமை நாலு மணிக்குத் தானாக வெளியாகும்படி வைத்துவிடப் பழகினேன். மற்ற மூவரும் அதையே நாலு வார்த்தை மாற்றித் தங்கள் பெயரில் வைத்துக்கொள்வார்கள். நன்றி மட்டும் தானே எழுதுவான். ஐந்து வரிக்கு மேல் வராது.

பருவத்தின் கடைசிப் பேச்சு எங்களுடையது. தலைப்பு, 'நாற்காலியின் அரசியல்.' முப்பத்தெட்டு ஸ்லைடு. முந்தின நாள் மேடத்திடமிருந்து செய்தி வந்தது. கல்லூரியைச் சோதிக்க ஒரு குழு வருகிறது, அவர் அவர்களோடு இருக்க வேண்டும், வகுப்பை நாங்களே நடத்திக்கொள்ள வேண்டும். பேச்சுக்கான மதிப்பெண்ணையும் எங்கள் பதிவுகளைப் படித்தே போட்டுவிடுவாராம். நாங்கள் நால்வரும் அந்த நிமிடமே காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தோம்.

"நீ போய் அட்டெண்டன்ஸுக்கு எல்லார் பேரையும் குடுத்துட்டு வந்துடு" என்று நன்றியிடம் சொன்னேன்.

"பேச வேணாமா?"

"மேடமே வரல. யார்கிட்டடா பேசப் போற?"

படம் மகா அறுவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று வகுப்பில் நடந்ததை, புரொஜெக்டர் போடும் அண்ணன்தான் பிறகு எனக்குச் சொன்னார். முப்பது பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் காதில் வயர். நன்றி பத்து நிமிடம் காத்திருந்தான். பிறகு முதல் ஸ்லைடிலிருந்து ஆரம்பித்துவிட்டான்.

"பதினேழாவது வந்ததும் நின்னுட்டான்மா" என்றார் அண்ணன். "ரெண்டு தடவை படிச்சான். 'இது எனக்குப் புரியல, உங்கள்ல யாருக்காவது புரியுதா?'ன்னு கேட்டான். உடனே முன்னாடி கிடந்த நாற்காலியைத் தூக்கிக் கவுத்துப் போட்டு, உக்காந்தா பாரம் எங்க இறங்குது, முதுகுப் பலகை ஏன் சாய்ஞ்சிருக்குன்னு காட்ட ஆரம்பிச்சுட்டான். வயரை மாட்டியிருந்த பசங்ககூட கழட்டிட்டாங்க. பதினஞ்சு வருஷமா இந்த ரூம்ல நிக்கிறேன். அன்னிக்குத்தான் தூங்காம கேட்டேன்."

பதினேழாவது ஸ்லைடில் 'நாற்காலி என்பது உட்காருதலின் மறுப்பு' என்று இருந்தது. எழுதியவள் நான். எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

நாலு மணிக்கு எங்கள் நால்வரின் பதிவுகளும் சொல்லி வைத்தபடி வெளியாகின. ஒலிவாங்கியைப் பிடித்த என் கை நடுங்கியதாம், நடுவில் குரல் உடைந்ததாம், அந்த உடைவில் என்னை நானே சந்தித்தேனாம். 'கடைசியில் நன்றி சொல்ல வந்த நண்பனின் எளிமை, நாங்கள் நால்வர் பேசிய கனத்தை இறக்கிவைத்தது' என்று ஒரு வரி வேறு. மற்ற மூவரும் வரிக்கொரு வார்த்தை மாற்றியிருந்தார்கள், அந்த வரியை மட்டும் அழகாக இருக்கிறதென்று விட்டுவைத்திருந்தார்கள். வகுப்புக்கே வராத இருபத்தொரு பேரில் எங்கள் நால்வர் போக மிச்சமிருந்தவர்களும் ஐந்து பேரின் பேச்சையும் கேட்டு உருகியிருந்தார்கள். வந்திருந்தவர்களோ பழக்கப்படி தங்களுக்குள் நடந்ததை மட்டும் எழுதினார்கள், யார் பேசியது என்று எழுதவில்லை.

நன்றியின் பதிவு இவ்வளவுதான்: 'இன்று நான் தனியாகப் பேசினேன். மற்ற நான்கு பேர் வரவில்லை. பதினேழாவது ஸ்லைடு புரியவில்லை. ஒரு நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினேன். அதன் கால் ஆடியது, திருகாணியை முடுக்கிவிட்டேன்.'

மேடம் அதன் கீழே எழுதினார்: 'நடந்ததை மட்டும் எழுதக்கூடாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் நடக்காததை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குழுவினர் நால்வரும் உங்களைப் பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருக்க, அவர்கள் வரவே இல்லை என்பது வருத்தமளிக்கிறது.' எனக்கு இருபதுக்குப் பதினெட்டு. அவனுக்கு மூன்று. பாடத்திலேயே தோல்வி.

புரொஜெக்டர் அண்ணன் மேடத்தின் அறைக்கே போய், "பையன்தான் மேடம் எல்லாத்தையும் பேசினான்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். மேடம் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாராம். அண்ணனுக்குத்தான் வலைப்பதிவு கிடையாதே.

மறுநாள் நன்றி என்னைத் தேடி வந்தான். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உன் பதிவுல ஒரே ஒரு வரியை மாத்திடேன். நான் பேசினேன்னு மட்டும் போடு. நீங்க வரலன்னுகூடப் போட வேணாம். முதல் தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

"வரி எதுக்குடா? நாளைக்கு நேர்லயே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

மற்ற மூவரிடம் சொன்னேன். "அவன் ஒருத்தனுக்காக நாலு பேரும் ஃபெயிலாகணுமா?" என்று என்மேல் பாய்ந்தார்கள். அடுத்த நாள் மேடத்தின் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அதற்கடுத்த நாளும் போனேன், திரும்பினேன். பயம்தான், வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பதிவு எழுதினேன்.

'காலி நாற்காலிகள் நான்கு' என்று தலைப்பு. சினிமாவுக்குப் போனது, முன்கூட்டியே எழுதி வைத்தது, ஒருவன் தனியாக நின்றது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். எழுதும்போது உண்மையாகவே அழுதேன். எழுதி முடித்ததும் ஒரு பயம், ஓர் உடைவு, ஒரு புதிய நான் எல்லாம் வரிசையாக அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்த்தேன். அப்படியே வெளியிட்டேன். 'கண் கலங்கிட்டேன்' என்று பின்னூட்டம் குவிந்தது. குழுவின் மற்ற மூவரும்கூட இதயம் போட்டிருந்தார்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினெட்டை இருபதாக்கியிருந்தார்.

"குற்றவுணர்ச்சியையே ஒரு டிசைனாப் பார்த்திருக்கம்மா. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நான் படிச்சதில்ல."

"மேடம், அது நிஜமா நடந்தது."

"நிஜமா இல்லையாங்கறது முக்கியமில்ல. எவ்வளவு ஆழமாப் போயிருக்கேங்கறதுதான் முக்கியம்."

"அப்ப அவனோட மார்க்கு?"

"உன் மார்க்கை மாத்தினதோட லிஸ்ட்டு ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. அவன் அடுத்த வருஷம் திரும்பப் படிக்கட்டும். அவனுக்கும் கொஞ்சம் நிதானம் வரும்."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். புரொஜெக்டர் அண்ணனைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தியிருக்கலாம். இருபது போய்விடுமே என்று நினைத்தேன். "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அச்சகம் முதல் தேதியன்று வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

அவன் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தை மறுபடி படிக்கிறான். என்னோடு பேச்சை நிறுத்தியிருக்க வேண்டியவன், நிறுத்தவில்லை. போன வாரம் போன் செய்தான்.

"இன்னிக்கு மேடம் உன் பதிவைத் திரையில போட்டாங்க. நல்ல பதிவுன்னா இப்படி இருக்கணும்னு சொன்னாங்க. யாராவது சத்தமாப் படிங்கன்னாங்க, யாரும் எழுந்திருக்கல. என்னைப் படிக்கச் சொன்னாங்க."

"படிச்சியா?"

"முழுசாப் படிச்சேன். ஒரு பொண்ணு, அதுல தனியா நின்னு பேசுற பையன் இப்ப என்ன பண்றான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மேடமே சொல்லிட்டாங்க. அவன் ஒரு கற்பனைன்னு."