சோத்தாங்கைத் துப்பாக்கி

என் மனைவி அமல்ராணி திண்டிவனத்தில் ரவிக்கை தைப்பவள். அவளிடம் அளவு கொடுக்காத பெண்கள் எங்கள் தெருவில் குறைவு. அவள் துப்பாக்கி சுடுவாள் என்றால் மட்டும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவளாகச் சொல்லவும் மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது, ஏனென்றால் இதில் நடந்த தப்பு என்னுடையது.

அவள் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. அந்தக் கையால் எழுதினால் பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் அடி, அந்தக் கையால் சிலுவை போட்டால் வீட்டில் அடி. அடி வாங்கியே எழுத்தும் சாப்பாடும் சோத்தாங்கைக்கு மாறிவிட்டன. தையலுக்கு வந்தால் கத்தரிக்கோலும் சோத்தாங்கைக்குத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து பாயிண்ட் டூ டூ ரைபிளை வாங்கிக் குப்புறப் படுத்தபோதுதான், அது தானாக இடது தோளுக்குப் போனதாம். ஹவில்தார் பக்கத்தில் வந்து பார்த்திருக்கிறார். குறி சரியாக விழுந்ததால் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். "என் கைய அதும்பாட்டுக்கு வுட்ட மொத ஆளு அவர்தாங்க" என்பாள்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், தையல் மெஷின். மகள் வேலைக்குப் போன பிறகு, நாற்பத்தைந்து வயதில், விழுப்புரம் பக்கத்து ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்தாள். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

கிளப்பில் இருந்தவை எல்லாம் போல்ட் ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் வலப்பக்கம் இருக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவள் ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலே எட்டி இழுத்து, மறுபடி முதலிலிருந்து குறி பிடிக்க வேண்டும். செபஸ்தியான் என்று ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பழைய லீவர் ரைபிளைச் சுட்டுப் பார்க்கக் கொடுத்தார். அதில் விசைக்குக் கீழே ஒரு வளையம். விரல்களை நுழைத்துக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். எந்தக் கையாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

பத்துக் குண்டு சுட்டாள். பத்தும் ஒரு மெதுவடை அகலத்துக்குள். அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். எங்கள் கல்யாணப் போட்டோகூட அவ்வளவு நேராக ஒட்டப்படவில்லை.

லைசென்ஸுக்கு மூன்று வருஷம் அலைந்தாள். வந்தது. வாங்கப்போவது ஒரே துப்பாக்கி. கிளப்பிலும் அதுதான், மண்டகப்பட்டில் அவள் தம்பியின் மல்லாட்டைக் கொல்லையில் கடலையைத் தோண்டக் காட்டுப்பன்றி இறங்கினால், மண்மேட்டைப் பார்த்து ஒன்று விட்டு விரட்டுவதற்கும் அதுதான். செபஸ்தியானுக்குக் கண் மங்கிவிட்டது. "இது ஒனக்குத்தான்மா, வேற யாருக்கும் தர மாட்டேன்" என்று சென்னையில் ஒரு ஆயுதக் கடை வழியாக மாற்றிக்கொடுக்க ஒத்துக்கொண்டார்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். இரும்பென்றால் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஒரு கொழுப்பு. கடையில் அந்த லீவரையும் ஒரு புது போல்ட் ரைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். "லீவர்ல பார்ட்டு ஜாஸ்தி, ரிப்பேர் வந்தா பேஜாரு. படுத்துச் சுட்டா வளையம் தரையில இடிக்கும். போல்ட்டு புதுசு, பளிச்சுன்னு கீது" என்றேன்.

"அடியில மணல் மூட்டைய ஒசரமா வெச்சிக்கினா இடிக்காதுங்க" என்றாள் அவள்.

நான் சொன்ன குறைகள் பொய்யில்லை. அதோடு வாயை மூடியிருந்தால் அவளே முடிவு செய்திருப்பாள். மூடவில்லை. கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பீச்சாங்கைக்காரிக்குன்னு தனியா துப்பாக்கி தேடுவாங்களா சார்? ஊரே சோத்தாங்கையில சுடுது. ஒரு மாசம் பழகினா கை தானா வந்துடும்" என்றேன். கடைக்காரரும் சிரித்தார். அமல்ராணி லீவர் ரைபிளை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். "போல்ட்டே குடுங்க சார்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி பழகினாள். அடி வாங்கிப் பழகிய பிள்ளை அல்லவா, பழகத் தெரியும். வலது தோளில் வைத்தாள். வலது கண் குறி பிடிக்கவில்லை. குண்டுகள் காகிதம் முழுக்கச் சிதறின. மாதம் நான்கு முறை போனவள் ஒரு முறை போனாள். கேட்டால், "தீபாவளித் துணி நெறைய கீதுங்க" என்பாள். தீபாவளிக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்த வருஷம் என் சோத்தாங்கை உள்ளங்கை கிரைண்டரில் கிழிந்து ஏழு தையல். இடது கையால் ஸ்பூன் பிடித்தால் சோறு சட்டைக்குப் போனது. ஒரு ஸ்குரூ திருக முடியவில்லை, பேன்ட் பட்டன் போட முடியவில்லை. எரிச்சல் தாங்காமல் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் சோற்றை அள்ளி எடுத்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "ஒரு மாசந்தானே. பழகினா கை தானா வந்துடும்."

யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அந்த லீவர் இன்னும் இருக்கிறதா என்று கேட்க, கட்டோடு பஸ் ஏறி செபஸ்தியான் வீட்டுக்குப் போனேன். "ரெண்டு மாசம் வெச்சிக்கினு இருந்தேன் டோமினிக். அந்தப் பொண்ணு வரும்னு பாத்தேன். வரல. குடுத்துட்டேன்" என்றார். நான் உட்காராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

தேர்தல் வந்தது. தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவைக்க வேண்டும், அவளும் வழக்கப்படி ஒப்படைத்தாள். முடிந்ததும் எல்லோரும் போய் வாங்கி வந்தார்கள், அவள் போகவில்லை. "வேற லீவர் தேடலாம் ராணி, நான் தேடுறேன்" என்றேன். "வோணாங்க. ஆசை போயிடுச்சி" என்றாள். அதற்குப் பதிலாக ஒரு பழைய அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இடது கையால் எழுதிப் பழகினாள். முதலில் கோணல், பிறகு பரவாயில்லை. நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

போன மாதம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க விழுப்புரம் போனோம். ஆபீஸில் இருந்தவர் மரியாதையானவர். படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துங்க மேடம்" என்றார். அமல்ராணி இடது கையால் பேனாவை எடுத்தாள். நிதானமாக, அழகாகப் போட்டாள்.

அவர் பழைய தாளோடு ஒத்துப் பார்த்தார். "கையெழுத்து வேற மாதிரி இருக்குங்களே."

இந்தத் தடவை அவளுக்காக வாயைத் திறந்தேன். "சார், அவங்க கையெழுத்து அதாங்க சார். பழசுதான் அவங்களுது இல்ல."

அவருக்கு எப்படிப் புரியும்? "ரெக்கார்டுல இருக்கிற மாதிரிதான் வேணுங்க, நான் என்ன பண்ண முடியும்?" என்று வருத்தத்தோடு சொன்னார்.

"வுடுங்க" என்று அமல்ராணி என் கையைத் தொட்டாள். பேனாவைச் சோத்தாங்கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு நொடியில் கீழே இன்னொன்று போட்டாள்.

அவர் அதையும் பழைய தாளையும் பார்த்துத் தலையாட்டினார். "இப்ப சரியா இருக்குங்க மேடம்."